கேள்வி – பதில்: ஆயா கொட்டகையும் ஐ.நா. இலக்குகளும்

சென்ற இதழில் பாலர் கல்வி, அதாவது தொடக்கப்பள்ளிக்கு முந்தைய கல்வி, குறித்து நான் எழுதிய நான்கு வரிப் பதிலுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டு, இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: வளரும் நாடுகளின் பாலர் கல்விக்கென உலக அளவில் இலக்குகள் உள்ளன என்று விரிவுரையாளர் சொன்னார். 1990, 2000, 2015 என்று ஆண்டுகளை மட்டும் குறித்துக்கொண்டேன். ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்பது விளங்கவில்லை. – கல்வியியல் மாணவி, கோலாலம்பூர்

பதில்: முதல் இரண்டிலும் எண்ணிப் பார்க்க ஏதும் இல்லை. மூன்றாவதில் எண்ணிக்கை வந்தது, ஆனால் எண்ணுவதற்கு எளிதாக இருந்த பாதிதான் எல்லார் கண்ணிலும் பட்டது. வேறுபாடு இவ்வளவுதான் என்றாலும், இதற்குப் பின்னால் இருப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1990 மார்ச் மாதம் தாய்லாந்தின் ஜொம்தியன் நகரில் கூடிய 155 நாடுகளின் பேராளர்கள், அனைவருக்கும் கல்வி என்ற உலகப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதன் ஐந்தாம் பிரிவு, கற்றல் பிறப்பிலேயே தொடங்குகிறது என்கிறது. பள்ளி என்றால் முதலாம் ஆண்டு, முதலாம் ஆண்டு என்றால் அகர வரிசை என்று பழகிப்போன கல்வி அமைச்சுகளுக்கு அது புதிய பேச்சு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் கல்வி அமைச்சின் கணக்கில் சேர்த்த முதல் பெரிய ஆவணம் அது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

பத்து ஆண்டுகள் கழித்து, 2000 ஏப்ரலில், செனகல் நாட்டின் டக்காரில் ஆறு இலக்குகள் வகுக்கப்பட்டன. குழந்தைப் பருவப் பராமரிப்பையும் கல்வியையும், குறிப்பாக மிகவும் நலிந்த நிலையிலுள்ள பிள்ளைகளுக்கு, விரிவாக்கி மேம்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. வரிசையில் முதலிடம் கிடைத்ததே தவிர, எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த ஆண்டிற்குள் என்பது எழுதப்படவில்லை. அதற்கு அடுத்திருந்த தொடக்கக் கல்வி இலக்கிலோ, 2015க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதே காலத்தில் வந்த ஐ.நா.வின் எட்டு மில்லினிய மேம்பாட்டு இலக்குகளுள் தொடக்கக் கல்வி இடம்பெற்றது, பாலர் கல்வி இடம்பெறவில்லை. கணக்குக் காட்டக்கூடிய இடத்திற்குத்தானே பணம் போகும்? ஏழை நாடுகளும் அவற்றுக்கு நன்கொடை அளித்தவர்களும் தொடக்கப்பள்ளிகளைக் கட்டினார்கள். நல்ல காரியந்தான். பாலர் கல்வி மட்டும் மகளிர் சங்கங்கள், கோயில்கள், தேவாலயங்கள், பெற்றோரின் கட்டணம் ஆகியவற்றை நம்பியே பல இடங்களில் காலம் தள்ளியது.

2015இல் வந்த ஐ.நா.வின் நிலைத்தன்மைமிக்க மேம்பாட்டு இலக்குகளில் 4.2 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2030க்குள் எல்லாச் சிறுமியரும் சிறுவரும் தொடக்கப்பள்ளிக்கு ஆயத்தமாகும் வண்ணம், தரமான குழந்தைப் பருவ வளர்ச்சியும் பராமரிப்பும் பாலர் கல்வியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை அளக்க இரண்டு குறியீடுகள் உள்ளன. தொடக்கப்பள்ளியில் சேரும் வயதுக்கு முந்தைய ஓராண்டில் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள் ஏதேனும் ஒழுங்கமைந்த கல்வியில் இருக்கிறார்கள் என்பது ஒன்று. 24 முதல் 59 மாதம் வரையிலான பிள்ளைகளில் எத்தனை பேர் உடல்நலத்திலும் கற்றலிலும் மனநலத்திலும் வயதுக்கேற்ப வளர்ந்துவருகிறார்கள் என்பது மற்றொன்று.

முதல் குறியீட்டிற்கு வருகைப் பதிவேடு போதும். இரண்டாவதற்கு வீடு வீடாகச் சென்று தாயிடம் கேட்க வேண்டும். யுனிசெஃப் நடத்தும் குடும்ப ஆய்வுகளில் இதற்கென முன்பு பத்துக் கேள்விகள் இருந்தன. பிள்ளை பத்து எழுத்துகளையாவது அடையாளம் காணுமா என்பது ஒரு கேள்வி. தரையில் கிடக்கும் சிறு குச்சியையோ கல்லையோ இரண்டு விரலால் எடுக்குமா என்பது இன்னொன்று. எழுத்தறியும் வாய்ப்பே இல்லாத ஊரில் முதல் கேள்வியை வைத்துப் பிள்ளையை மதிப்பிடுவது நியாயமா என்ற விவாதம் எழுந்தது. 2020இல் இருபது கேள்விகள் கொண்ட புதிய படிவம் வந்தது. நீங்கள் ஆய்வுக்கட்டுரை எழுதுவதாக இருந்தால், பழைய படிவத்தின் முடிவுகளையும் புதிய படிவத்தின் முடிவுகளையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டுவிடாதீர்கள். அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம் அது.

நிலவரத்தைச் சொல்வதானால், 2019இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர், அதாவது 17 கோடியே 50 இலட்சம் பேர், எந்தப் பாலர் பள்ளியிலும் இல்லை. மிக ஏழ்மையான நாடுகளில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளைதான் போகிறது. இலக்கு இருக்கிறது என்பதால் உரிமை இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இந்திய அரசமைப்புச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு, அரசு முயல வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் பாலர் கல்வி வெளிப்படையாகக் குறிப்பிடப்படவில்லை. அதைச் சேர்க்கும் கூடுதல் ஒப்பந்தம் ஒன்றை வரைவதற்கு ஐ.நா. மனித உரிமை மன்றம் 2024 ஜூலையில்தான் ஒரு பணிக்குழுவை அமைத்தது.

கேள்வி: நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆயா கொட்டகை இருந்தது. அதைத்தானே இப்போது பெரிய பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள் ஐயா? – ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர், நிபோங் திபால்

பதில்: பாதி சரி என்பேன். எஞ்சிய பாதியைச் சொல்வதற்கு என் சொந்த நினைவு ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகும் முன், அம்மா என்னை ஒரு பழைய சேலைக்குள் சுருட்டித் தூக்கிக்கொண்டுபோய் ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். நீளமான தகரக் கொட்டகை, குறுக்குக் கட்டையில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், மூலையில் பால் மாவு கலக்கும் பெரிய வாளி. இரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெம்பில்லாமற்போன ஒரு கிழவிதான் ஆயா. அவர் ஒரு காலால் ஒரு தொட்டிலையும் கையால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டே, நடக்கத் தெரிந்த எங்களை எதிரே உட்காரவைத்து, "இது யாரு மவன்? இவன் அம்மா எந்த நெரையில வெட்டுறா? இன்னைக்கு மழ வருமா, வராதா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். யாராவது தப்பாகச் சொன்னால் கொட்டகையே சிரிக்கும். பால் குவளைகளை நாங்கள்தான் எண்ணிவைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் இருபது வரை எண்ணக் கற்றது தமிழ்ப்பள்ளியிலன்று, அந்த வாளிக்குப் பக்கத்தில்.

இன்றைய வல்லுநர்கள் மறுமொழி தரும் பராமரிப்பு என்று எழுதுவது இதைத்தான். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வளர்ப்புப் பராமரிப்புச் சட்டகத்தில் ஐந்து கூறுகள் உள்ளன: உடல்நலம், ஊட்டச்சத்து, மறுமொழி தரும் பராமரிப்பு, தொடக்கநிலைக் கற்றல் வாய்ப்பு, பாதுகாப்பு. எங்கள் ஆயாவிடம் மூன்றாவதும் நான்காவதும் தாராளமாக இருந்தன. ஆனால் ஐயா, மற்ற மூன்றையும் மறந்துவிட வேண்டாம். எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி, எத்தனை பிள்ளைகளுக்குத் தலையில் சிரங்கு! தோட்ட நிருவாகம் கொட்டகையைப் போட்டது பிள்ளைகள் கற்பதற்காக அன்று. தாய்மார் தவறாமல் வேலைக்கு இறங்குவதற்காக. அடுத்த தோட்டத்து ஆயா எப்போதும் ஒரு பிரம்போடு உட்கார்ந்திருப்பார் என்று என் அத்தை மகன் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல ஆயா வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி இராமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெரிய பெயர்களெல்லாம்.

தோட்டத்தில் பிறந்த பிரிவினை இன்றும் நம் மலேசியச் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஏழு வயதுக்குப் பிறகு பள்ளி, அதற்கு முன் கொட்டகை. இன்று நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் காப்பகங்கள், அதாவது தாஸ்கா, 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவிடம் பதிய வேண்டும். நான்கு வயதுக்குப் பிந்தைய பாலர் பள்ளிகள், அதாவது தாடிகா, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பராமரிப்பு ஓர் அமைச்சிடம், கல்வி வேறோர் அமைச்சிடம். மூன்று வயதுப் பிள்ளை எதைக் கற்கிறது என்று கல்வி அதிகாரி கேட்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று நல அதிகாரி கேட்பதில்லை. இந்தியா 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், நம் உறவினர்கள் பால்வாடி என்று சொல்லும் அந்த மையம், சத்துணவையும் தடுப்பூசியையும் விளையாட்டுக் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. நடைமுறையில் பல இடங்களில் சோறு முந்திக்கொண்டது, பாடம் பின்தங்கியது என்பது வேறு கதை. ஆனாலும் வரைபடம் சரியான வரைபடம்.

கேள்வி: மலேசியா வளரும் நாடா, வளர்ந்த நாடா? இந்த இலக்குகள் நமக்குப் பொருந்துமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உலக வங்கிக் கணக்கில் நாம் உயர் நடுத்தர வருமான நாடு. 2015 இலக்குகள் பணக்கார நாடுகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை, ஆகவே பொருந்தும். 2013–2025 கல்விப் பெருந்திட்டம் 2020க்குள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றது. நாட்டின் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலாலம்பூர்ப் பகுதியின் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தார்கள். இரட்டைக் கோபுரத்தை ஜன்னலிலிருந்து பார்க்கக்கூடிய வீடுகளும் அவற்றில் உண்டு.

கேள்வி: நான் கணக்காளன். பாலர் கல்வியில் போடும் பணம் பல மடங்காகத் திரும்பும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். சான்று உண்டா, அல்லது பேச்சுக்குச் சொல்வதா? – வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: பேச்சுக்குச் சொல்வதும் உண்டு, சான்றும் உண்டு. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அமெரிக்க ஆய்வுகளை ஒதுக்கிவிட்டு, வளரும் நாடு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

1980களின் நடுப்பகுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம் மெக்ரிகர் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரையிலான பிள்ளைகள். சிலருக்குச் சத்துமாவு மட்டும், சிலருக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டு வருகை மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றும் இல்லை. வந்தவர்கள் பட்டதாரிகள் அல்லர், சமூகச் சுகாதார உதவியாளர்கள். வீட்டில் கிடக்கும் பொருள்களைக்கொண்டு செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளோடு திட்டம் முடிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, வீட்டு வருகை பெற்றவர்களின் வருமானம், அந்த வருகை கிடைக்காதவர்களுடையதைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இந்த முடிவு 2014இல் வெளியானது. சத்துமாவு மட்டும் பெற்றவர்களிடம் நீண்டகாலப் பயன் தென்படவில்லை.

கணக்காளரான நீங்கள் உடனே கேட்பீர்கள்: 129 பேரை வைத்து ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தை எழுதலாமா? கூடாது. வங்காளதேசத்திலும் கொலம்பியாவிலும் பெருவிலும் இதே முறையைப் பின்பற்றிப் பார்த்தார்கள். பயன் இருந்தது, ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயன் மெலிந்தது. அக்கறையுள்ள முப்பது பேரைத் தேடிவிடலாம், மூவாயிரம் பேரைத் தேடுவது கடினம். பல மடங்கு திரும்பும் என்று மேடையில் சொல்பவரிடம், எந்தத் திட்டம், எத்தனை பிள்ளைகள், யார் நடத்தியது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பாலர் பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் எழுத்து எழுதிவரச் சொல்கிறார்கள், இரவில் அழுகிறான். இப்போதே எழுதாவிட்டால் முதலாம் ஆண்டில் திணறுவான் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் பேசினால்தான் நல்லது என்றும் சொல்கிறார். என்ன செய்யட்டும்? – ஒரு தாய், செந்தூல்

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகனின் கையைப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நான்கு வயதில் அவை எட்டும் உருவாகி முடிந்திருப்பதில்லை, அதுவரை அங்கே குருத்தெலும்புதான். பென்சிலைக் கைமுட்டியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளிலிருந்து தள்ளி எழுதுகிறான் என்றால், அவன் சோம்பேறி என்று பொருளில்லை. விரல்கள் இன்னும் அந்த வேலைக்கு வரவில்லை என்று பொருள். நம் முன்னோர் ஏடு தொடக்கும்போது ஆணியையும் ஓலையையும் குழந்தையிடம் கொடுத்துவிடவில்லை. தட்டில் பரப்பிய அரிசியிலும், திண்ணைப் பள்ளியின் மணலிலும், விரலால் பெரிதாக எழுதவைத்தார்கள். ஆனாவின் சுழி கைக்குள் வந்த பிறகுதான் ஓலை.

முதலாம் ஆண்டுக்கு ஆயத்தம் என்ற சொல் நான் முன்பு சொன்ன 4.2 இலக்கிலேயே இருக்கிறது. அதைச் சில பாலர் பள்ளிகள் முதலாம் ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவது என்று புரிந்துகொண்டுவிட்டன. பெற்றோரும் கொடுத்த பணத்துக்குத் தாளில் ஏதாவது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டுவழிக் கற்றலைத்தான் வலியுறுத்துகிறது. ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாமல், "டீச்சர், ஒரு பக்கத்துக்குப் பதிலாக ஒரு வரி எழுதட்டுமா, மீதி நேரத்தில் மாவு பிசைந்து விளையாடட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பெற்றோர் கேட்கிறார்கள் என்பதற்காகவே அவர்களும் இரண்டு பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். ஒப்புக்கொள்ளாவிட்டால், அழுகை தொடங்கியதும் நோட்டை மூடிவிடுங்கள். அடுத்த நாள் நீங்களே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மாலையில் அரைமணி நேரம் சமையலறையில் அவனை உட்காரவையுங்கள். பூண்டு உரிக்கட்டும், பயற்றங்காயை ஒடிக்கட்டும், அரிசியைப் பால் டின்னால் அளந்து போடட்டும். "ஒரு டின் போட்டாச்சு, அப்பாவும் சாப்பிட வருவார், போதுமா?" என்று கேளுங்கள். விரலுக்குப் பயிற்சி, கணக்கு, பேச்சு எல்லாம் அதில் வந்துவிடும். கைப்பேசியில் எண்ணுப்பாட்டு கேட்கும் பிள்ளைக்குப் பத்து வரை ஒப்பிக்க வரும். போதுமா என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்ல வராது, ஏனெனில் கைப்பேசி அவனிடம் திரும்பக் கேட்பதில்லை.

மொழியைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்காதீர்கள். பிள்ளைக்குப் புரியும் மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953இலேயே சொல்லிவிட்டது. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் ஏன், எப்படி, அப்புறம் என்னாச்சு என்று நீட்டிப் பேச முடியும். இடறும் ஆங்கிலத்தில் தாய் பேசினால், உட்கார், சாப்பிடு, தூங்கு என்ற கட்டளைகளோடு பேச்சு நின்றுவிடும். மலாயும் ஆங்கிலமும் பள்ளியில் வரும், நண்பர்களிடமும் வரும். தமிழில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அவை சுமையாக இருப்பதில்லை.

கேள்வி: இலக்குகளில் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இருபது பிள்ளைகளை ஒற்றையாளாகப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? – பாலர் பள்ளி ஆசிரியை, கெப்போங்

பதில்: பேசியிருக்கிறார்கள், ஆனால் தாமதமாக. 2022 நவம்பரில் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில், கல்விச் செலவில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பாலர் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பாலர் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தையும் வேலைச் சூழலையும் மேம்படுத்த வேண்டும் என்பதும் அப்போது வலியுறுத்தப்பட்டது. அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருந்தாலும் ஆசிரியருடன் ஓர் உதவியாளரும் இருப்பார். தனியார் பாலர் பள்ளிகளில் கட்டணத்திலிருந்துதான் சம்பளம். தாய் ஒருத்தி மாதக் கட்டணத்தில் இருபது ரிங்கிட் குறைத்துக் கேட்கும்போது, அது கடைசியில் உங்கள் சம்பளத்தில்தான் குறைகிறது. அரசு மானியம் இல்லாமல் இந்த முடிச்சை அவிழ்க்க வழி தெரியவில்லை. நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது ஒன்று உண்டு. பகலுணவு நேரத்திலும் கழிப்பறை நேரத்திலுமாவது இன்னொரு கை வேண்டும் என்று நிருவாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் ஐந்து நிமிடமும் மற்றப் பத்தொன்பது பேர் பெரியவர் துணையின்றி இருக்கிறார்கள் என்பதை அந்தக் கடிதத்தில் நேரம் குறிப்பிட்டு எழுதி, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.